இரட்சிப்பின் நிச்சயம்: புதிதாகத் தேடுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் பேருந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் டிக்கெட் வாங்கிய கையோடு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க இரட்சிக்கப்பட்டாச்சா?" என்றார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். "ஆச்சுங்க ஐயா" என்று வாய் சொல்லிவிட்டது. "எந்தத் தேதி?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. கட்டபெட்டு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே தேயிலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெரியவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி ஏழெட்டு மாதம் என்னை விடவில்லை. இப்போது நான் பகலில் தேயிலை எடை போடுகிறேன். சனிக்கிழமை மாலையில் சபையில் திடப்படுத்தல் வகுப்பு (சபையின் முழு அங்கத்தினராவதற்கான ஆயத்த வகுப்பு) எடுக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்களும் சுற்றிச் சுற்றி இதே கேள்விக்குத்தான் வந்து நிற்கிறார்கள். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்று, "நானாக எதுவும் முடிவெடுக்கவில்லையே" என்று குழம்புகிறவர்கள் உண்டு. கன்வென்ஷன் கூட்டத்தில் கையைத் தூக்கி அழுதுவிட்டு, அடுத்த வாரமே ஒன்றும் தோன்றாமல் திகைக்கிறவர்கள் உண்டு. வேறு வீட்டிலிருந்து புதிதாக வந்து, பைபிளில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்றுகூடத் தெரியாதவர்களும் உண்டு. மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொற்கள்

புதிதாக வருகிறவர்களைப் பாதி குழப்புவது சொற்கள்தான். நம் சபைகளில் படிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் 'இரட்சிப்பு', 'நித்தியஜீவன்', 'விசுவாசம்' என்று இருக்கும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் இவையே 'மீட்பு', 'நிலைவாழ்வு', 'நம்பிக்கை' என்று இருக்கும். கத்தோலிக்கத் தோழி ஒருத்தி "மீட்பு" என்று சொல்வதும், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயர் "இரட்சிப்பு" என்று சொல்வதும் ஒன்றையேதான். அகராதி வாங்க வேண்டியதில்லை. இந்த மூன்று ஜோடியையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. இரட்சிப்பு வேறு, இரட்சிப்பின் நிச்சயம் வேறு. முதலாவது, கிறிஸ்துவின் நிமித்தம் தேவன் ஒருவரை மன்னித்துத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொள்வது. இரண்டாவது, அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறோம் என்று நம் மனம் அறிந்து அமைதியாக இருப்பது.

எங்கள் தொழிலில் வைத்துச் சொல்கிறேன். இலை கொண்டுவருகிறவருக்கு எடை போட்டவுடன் ஒரு சீட்டு கொடுப்போம். அதே எடையை எங்கள் பதிவேட்டிலும் எழுதுவோம். பணம் கைக்கு வருவது பின்னால்தான். சிலர் அந்தச் சீட்டை மழையில் நனைத்துவிடுவார்கள், சட்டையோடு துவைத்துவிடுவார்கள். அன்று இரவு அவர்களுக்குத் தூக்கம் இருக்காது. மறுநாள் காலையில் முகம் வாடி வந்து நிற்பார்கள். பதிவேட்டைப் புரட்டிக் காட்டினால்தான் மூச்சு வரும். சீட்டு தொலைந்தாலும் கணக்கு தொலையவில்லை. நிச்சயம் என்பது நம் பையில் இருக்கும் சீட்டு. இரட்சிப்பு அங்கே எழுதப்பட்டிருக்கும் கணக்கு. இயேசுவும் சீஷர்களிடம், "உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள்" என்றுதான் சொன்னார் (லூக்கா 10:20, அதாவது 10ஆம் அதிகாரம், 20ஆம் வசனம்).

ஆகவே, "எனக்கு நிச்சயம் இல்லை, அதனால் நான் இரட்சிக்கப்படவே இல்லை" என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். தாவீது பெரிய பாவத்துக்குப் பிறகு பாடிய 51ஆம் சங்கீதத்தில், "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து" என்று கேட்கிறான். அவன் திரும்பக் கேட்டது சந்தோஷத்தை. 1646இல் இங்கிலாந்தில் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் 18ஆம் அதிகாரத்தில் இதைத் தனியாகப் பேசுகிறது. உண்மையான விசுவாசிகூட இந்த நிச்சயத்துக்காக வெகுகாலம் காத்திருக்க நேரலாம், பல சங்கடங்களோடு போராட நேரலாம் என்கிறது. விசுவாசத்தில் கறாரான ஆட்கள் என்று பேரெடுத்தவர்களே இப்படிச் சொல்லியிருக்கும்போது, நம்மூர்ப் பேருந்தில் ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதற்காக ஏன் ஒடிந்துபோக வேண்டும்?

வாசிக்க வேண்டியது

அடுத்ததாக, யோவான் எழுதிய முதலாம் நிருபத்தை (நிருபம் என்றால் கடிதம்) எடுத்துக்கொள்ளுங்கள். யோவான் எழுதின சுவிசேஷம் அல்ல. புதிய ஏற்பாட்டின் கடைசிப் பக்கங்களில், வெளிப்படுத்தின விசேஷத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் சின்ன நிருபம். ஐந்தே அதிகாரம். ஒரே மூச்சில் வாசித்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. கையில் ஒரு பென்சில் வைத்துக்கொண்டு, 'அறிந்திருக்கிறோம்', 'அறிவோம்', 'அறிகிறோம்' என்று வரும் இடங்களிலெல்லாம் கோடு போடுங்கள். எத்தனை கோடு விழுகிறது என்று உங்களுக்கே வியப்பாக இருக்கும். எதற்காக இதை எழுதினேன் என்று யோவானே கடைசியில் சொல்லிவிடுகிறார்: "உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படிக்கும்..." (5:13). ஆக, இதை அறிந்துகொள்ள ஆசைப்படுவது அகங்காரம் அல்ல. அறியத்தான் எழுதியிருக்கிறது.

அப்புறம் யோவான் சுவிசேஷத்துக்குப் போய் மூன்று இடங்களைப் பாருங்கள்: 5:24, 6:37, 10:28. மூன்றில் எது மனசில் ஒட்டுகிறதோ, அதை நோட்டில் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். போனில் படம் பிடித்து வைப்பது வேண்டாம். எழுதும்போது கை மெதுவாகப் போகும், கண் ஒவ்வொரு சொல்லிலும் நிற்கும்.

5:24இல் என் கண் நின்ற இடம் இது. "என் வசனத்தைக் கேட்டு, என்னை அனுப்பினவரை விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் உண்டு." 'உண்டாகும்' என்று போடவில்லை, 'கிடைக்கலாம்' என்று போடவில்லை, 'உண்டு' என்று போட்டிருக்கிறது. தொடர்ந்து, "மரணத்தைவிட்டு நீங்கி, ஜீவனுக்குட்பட்டிருக்கிறான்" என்கிறது. நீங்கியாகிவிட்டது, உட்பட்டாகிவிட்டது. ஏழாம் வகுப்பில் தமிழ் ஆசிரியை வினைமுற்றின் காலத்தைக் கேட்டுக் காதைத் திருகியபோது, அது ஒருநாள் என் ஆத்துமாவுக்குப் பயன்படும் என்று நினைத்திருக்கவில்லை.

6:37இல் "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று இருக்கிறது. எப்படி வருகிறவனை, எவ்வளவு அழுது வருகிறவனை, எந்தத் தேதியில் வருகிறவனை என்றெல்லாம் அங்கே நிபந்தனை இல்லை. வருகிறவனை, அவ்வளவுதான். இதுவரை வந்ததே இல்லை என்று தோன்றினால், இன்று வந்துவிடுங்கள். அதற்கென்று மனப்பாடமாய் ஒரு ஜெபம் தேவையில்லை. "ஆண்டவரே, நான் பாவி. எனக்காக மரித்து உயிர்த்தெழுந்த உம்மை நம்புகிறேன். என்னை ஏற்றுக்கொள்ளும்" என்று உங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லலாம். வந்தது போன வருடமா, இன்றைக்குத்தானா என்று சந்தேகம் இருந்தாலும் இப்படிச் சொல்வதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும்: வாரா வாரம் புதிதாக 'இரட்சிக்கப்படுவதை' வழக்கமாக்க வேண்டாம். அடுப்பில் சோறு வேகிறதா என்று நிமிஷத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால், சோறு வேகவே நேரமாகும்.

இந்தக் கட்டுரையில் எனக்குச் சொல்ல இருப்பது அடிப்படையில் ஒன்றுதான். நிச்சயத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தங்களுக்குள்ளேயே குனிந்து பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வாக்கு கொடுத்தவரை. உள்ளே பார்க்கவும் ஒரு இடம் உண்டு. அது இரண்டாவது.

தேதி தெரியாதவர்களுக்கு

எங்கள் அப்பாயி இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். 1964இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, ரயிலேறி மேட்டுப்பாளையம் வந்து, மலையேறினார்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் இப்படி வந்த குடும்பங்கள் ஏராளம்.

"எந்த வருசம் அப்பாயி வந்தீங்க?" என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. "உங்கப்பன் எட்டு வச்சு நடக்கப் பழகுன வருசம்" என்பார். கப்பலின் எண்ணெய் நாற்றம் நினைவிருக்கும், தகரப்பெட்டியின் கைப்பிடி கையை அறுத்தது நினைவிருக்கும், என் அப்பா அவர் தோளிலேயே வாந்தி எடுத்தது நினைவிருக்கும். தேதி மட்டும் இருக்காது. தேதி போட்ட காகிதம் லயத்துக் கூரை ஒழுகியதில் மை கரைந்து போய்விட்டது. ஒருமுறை நான் விடாமல் துருவித் துருவிக் கேட்டபோது, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "தேதி தெரியலங்கிறதுக்காக நான் இன்னும் கப்பல்லயாடா உக்காந்திருக்கேன்?"

பேருந்துப் பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான்.

பைபிளிலேயே இரண்டு வகையும் இருக்கிறார்கள். தமஸ்கு வழியில் இயேசுவைச் சந்தித்துத் தரையில் விழுந்த அப்போஸ்தலன் பவுலுக்குத் தேதி, நேரம், இடம் எல்லாம் தெரியும். நடுப்பகல் என்றுகூடச் சொல்கிறார். பவுல் அடைபட்டிருந்த பிலிப்பிச் சிறையின் காவலனுக்கு, தான் நம்பிய அந்த நடு இரவு மறக்காது. ஆனால் பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயு? பாட்டி லோவிசாளும் அம்மா ஐனிக்கேயாளும் ஊட்டிய விசுவாசம். சிறுவயது முதலே வேதம் தெரிந்த பிள்ளை. அவனுக்கு எந்தத் தேதி? அவனை உட்காரவைத்துப் பவுல் தேதி விசாரித்ததாக எங்கும் இல்லை. உங்களுக்குத் தேதி தெரியுமானால் நன்றி சொல்லுங்கள். தெரியாவிட்டால், கேட்க வேண்டிய கேள்வி 'எப்போது நம்பினேன்' என்பது அல்ல, 'இப்போது யாரை நம்புகிறேன்' என்பது.

உணர்ச்சி இல்லாதவர்களுக்கு

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் வெஸ்லியின் கதை பலருக்குப் பாதிதான் தெரியும். 1738 மே 24 அன்று மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு அவர் மனசில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது தன் இருதயம் விநோதமாய் அனல்கொண்டதை உணர்ந்ததாகவும், கிறிஸ்து தன் பாவங்களை, தன்னுடையவற்றையே, நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் கிடைத்ததாகவும் நாட்குறிப்பில் எழுதினார். பிரசங்கங்களில் கதை இங்கே நின்றுவிடும். கேட்கிறவனோ 'என் இருதயம் அனல்கொள்ளவில்லையே' என்று வீட்டுக்குப் போவான்.

மீதிக் கதை இது. அன்று இரவே வெஸ்லிக்குச் சோதனைகள் திரும்ப வந்தன. ஏழு மாதம் கழித்து, 1739 ஜனவரியில், தான் கிறிஸ்தவன் அல்ல என்றே நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் ஊர் ஊராய்ப் பிரசங்கித்தவரும் இதே மனிதர்தான். அனலை வைத்து மட்டும் கணக்குப் பார்த்திருந்தால் ஜனவரியிலேயே கடையை மூடியிருப்பார்.

உணர்ச்சி வரும்போது வரட்டும், வேண்டாம் என்று தள்ளாதீர்கள். "நாம் தேவனுடைய பிள்ளைகளாயிருக்கிறோமென்று ஆவியானவர்தாமே நம்முடைய ஆவியுடனேகூடச் சாட்சிகொடுக்கிறார்" என்று ரோமர் 8:16 சொல்கிறது. அந்தச் சாட்சி சிலருக்குக் கண்ணீராய் வரும். சிலருக்கு, "அப்பா" என்று ஜெபிக்க வாய் தயங்காமல் வருகிறதே, அவ்வளவுதான். எனக்கு இரண்டாவது வகை. கண்ணீர்க்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட காலமும் உண்டு, இப்போது குறைந்திருக்கிறது.

இப்போது உள்ளே பார்க்கலாம்

வாக்கைப் பிடித்துக்கொண்ட பிறகு, தன்னைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. யோவானின் நிருபம் அதற்கு மூன்று இடத்தைக் காட்டுகிறது. இயேசுவைத் தேவனுடைய குமாரனென்று நம்புகிறேனா, அவருடைய கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொள்ள மனமிருக்கிறதா, சகோதரரிடத்தில் அன்பு இருக்கிறதா. மூன்றாவதைத்தான் அவர் அதிகம் அழுத்துகிறார்: "நாம் சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால், மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறோமென்று அறிந்திருக்கிறோம்" (3:14).

இதில் பலர் தவறுவது, காலம் தெரியாமல் சோதிப்பதில். தேயிலைக்கு நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள். பச்சையாய் மேசை விரித்த மாதிரி இருந்த தோட்டம் ஒரே நாளில் விறகுக்காடு மாதிரி ஆகிவிடும். முழங்காலுக்குச் சற்று மேலே வெறும் குச்சிகள். மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற உறவினர்கள் பார்த்துவிட்டு, "ஐயோ, நோய் விழுந்துடுச்சா?" என்பார்கள். அந்த நேரத்தில் போய் இலை எங்கே என்று கேட்டால் செடி என்ன பதில் சொல்லும்? நாங்கள் அப்போது இலையைத் தேட மாட்டோம். குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுவோம். உள்ளே ஈரமாய்ப் பச்சை தெரிந்தால், விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவோம். துளிர் வர ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். கனி கொடுக்கிற கொடியைத்தான் பிதா சுத்தம் பண்ணுகிறார் என்று யோவான் 15:2 சொல்வது எங்கள் ஊரில் விளக்கம் தேவைப்படாத வசனம்.

வீட்டில் சாவு விழுந்த பிறகு, வேலை போன பிறகு, பிள்ளை பெற்ற களைப்பில் ஜெபமே வராத மாதங்களில் உங்களைச் சோதித்தால், இலையை எண்ணாதீர்கள். பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். "இயேசு வேண்டாம், போகட்டும்" என்று சொல்ல மனம் வருகிறதா? வரவில்லை என்றால், சொல்லவே வலிக்கிறது என்றால், உள்ளே பச்சை இருக்கிறது. மாற்கு 9இல் பிள்ளைக்காக வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே வாயால் இரண்டையும் சொன்னான். அவன் பிள்ளை குணமானான்.

ஏதாவது அடைத்துக்கொண்டிருந்தால்

சில சமயம் நிச்சயம் இல்லாததற்குக் காரணம் தத்துவக் குழப்பம் அல்ல, ஒரு குறிப்பிட்ட விஷயம். என் கதையையே சொல்கிறேன். கௌரவமான கதை அல்ல.

அது ஓர் ஐப்பசி மாதம், விடாத மழை. மழை நாளில் இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்காக எடையில் கொஞ்சம் கழிப்பது வழக்கம். அன்று காலை ஒருவருக்குக் கவனக்குறைவாய் இரண்டு கிலோ கூடுதலாக எழுதிவிட்டேன். சாயங்காலம் மொத்தக் கணக்கு இடித்தது. கடைசியாக மூட்டை இறக்கியவர் மேட்டிலிருந்து வரும் ஒரு பாட்டி. எழுத்துக் கூட்டத் தெரியாது. அவர் மூட்டையில் மூன்று கிலோ கழிக்க வேண்டிய இடத்தில் ஐந்து கழித்தேன். கணக்கு நேரானது.

அடுத்த ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை. என்னால் எழுந்து போக முடியவில்லை. தலைவலி என்று மனைவியிடம் சொன்னேன். பழைய கேள்வி, 'நான் இரட்சிக்கப்பட்டேனா', முழு பலத்தோடு திரும்ப வந்தது. வசனங்களை எடுத்து வாசித்தேன், எதுவும் ஒட்டவில்லை. "நான் அடக்கிவைத்தமட்டும்... என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்று 32ஆம் சங்கீதம் சொல்வது மட்டும் ஒட்டியது. திங்கட்கிழமை குடையை எடுத்துக்கொண்டு மேடேறினேன். விஷயத்தைச் சொல்லி, இரண்டு கிலோவுக்கான பணத்தை நீட்டினேன்.

பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு கிலோவுக்காடா இந்த மழையில ஏறி வந்தே?" என்றார். அப்புறம், "எனக்கு அன்னைக்கே தெரியும். நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன்" என்றார். காபி கொடுத்தார். அன்றிலிருந்து எடை போடும்போது தராசுக்குப் பக்கத்திலேயே நின்று, பேரனை எண்ணை வாசிக்கச் சொல்கிறார். அதுவும் நியாயம்தான்.

இரண்டு கிலோ பணத்தைத் திருப்பிக் கொடுத்து நான் மன்னிப்பை வாங்கவில்லை. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்... இது தேவனுடைய ஈவு" (எபேசியர் 2:8). ஆனால் மறைத்து வைத்த ஒன்று இருக்கும்வரை, ஈவைக் கையில் வைத்துக்கொண்டே சந்தோஷப்பட முடியாமல் இருக்கும். செய்ய வேண்டியது எளிது: பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள் (1 யோவான் 1:9). 'தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்கள்' என்று மொத்தமாய் மூட்டை கட்டாமல், 'அந்தப் பொய்', 'அந்த இரண்டு கிலோ' என்று சொல்லுங்கள். மனிதருக்குச் சரிசெய்ய வேண்டியது இருந்தால் போய்ச் சரிசெய்யுங்கள். பிறகு அதைத் திரும்பத் திரும்பக் கிளறாதீர்கள்.

அடுத்த மாதம் திருவிருந்துக்குப் போனபோது, "உங்களுக்காகப் பிட்கப்படுகிற" என்ற இடத்தில் 'உங்களுக்காக' என்ற சொல் காதில் விழுந்தது. நிச்சயம் வேண்டுமென்று தேடுகிறவர்கள் திருவிருந்தைத் தவறவிடக் கூடாது என்று வகுப்பில் நான் வற்புறுத்துவது அதனால்தான். பிரசங்கம் எல்லாருக்கும் பொதுவாய்க் கேட்கும். அப்பம் உங்கள் கையில்தான் வைக்கப்படுகிறது.

சபைகள் மாறுபடும் இடம்

வேறு வேறு சபைக்காரர்களிடம் கேட்டால் வேறு வேறு பதில் வரும், பயப்படாதீர்கள். எங்கள் மலையிலேயே பாருங்கள்: ஊட்டியில் 1830களின் தொடக்கத்திலிருந்து ஆராதனை நடக்கும் ஸ்டீபன்ஸ் ஆலயம் ஆங்கிலிக்கன் வழியில் வந்தது. கேத்தியில் 1840களில் வந்திறங்கியது பாசல் மிஷன். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரட்சிக்கப்பட்டவன் விழுந்தே போக மாட்டான் என்று 1618–19இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சபைச் சங்கத்தில் தீர்மானித்தவர்களின் வாரிசும், விழக்கூடும், விழித்திரு என்று போதித்த வெஸ்லியின் வாரிசும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடுகிறார்கள்.

கத்தோலிக்கர் இன்னும் நிதானமாகப் பேசுவார்கள். தவறவே முடியாத உறுதியோடு 'நான் கிருபையில் இருக்கிறேன்' என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது என்று 1547இல் அவர்களுடைய ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் சொன்னது. தேவனுடைய இரக்கத்தைச் சந்தேகிக்கக் கூடாது என்றும் அதே இடத்தில் சொன்னது. அவர்கள் 'எதிர்நோக்கு' என்ற சொல்லை விரும்புவார்கள். பெந்தெகொஸ்தே நண்பர்கள் அந்நியபாஷையை, அதாவது ஆவியின் ஏவுதலால் கற்றறியாத மொழியில் பேசுவதை, பற்றிப் பேசுவார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் அதை ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளமாகத்தான் சொல்கிறார்கள், இரட்சிப்புக்கு அல்ல. புதிதாக வந்தவர் இந்த வழக்குகளையெல்லாம் முதல் மாதமே தீர்க்க வேண்டியதில்லை. வருகிறவனைத் தள்ளுவதில்லை என்பதில் எல்லாச் சபையும் ஒன்று.

பயம் அடங்காவிட்டால்

இரண்டு பகுதிகள் புதியவர்களை மிரட்டும். ஒன்று, மாற்கு 3இல் வரும் மன்னிக்கப்படாத பாவம். எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் கண்ணெதிரே நடந்த நல்லதைப் பார்த்தும், அதைப் பிசாசின் வேலை என்று கல்நெஞ்சோடு சொன்னதைத் தொடர்ந்து இயேசு பேசியது அது. அதைச் செய்துவிட்டேனோ என்று அழுகிறவருக்கு அந்தக் கல்நெஞ்சு இல்லை. இன்னொன்று எபிரெயர் 6. விசுவாசத்தைத் தள்ளிவிட்டுப் போகிறவர்களுக்கான கடுமையான எச்சரிப்பு. திரும்பி வருகிறவனுக்கு முன்னால் கதவைச் சாத்துவதற்கு அல்ல. அதே அதிகாரத்தை, நங்கூரத்தைப் பற்றிப் பேசும் 19ஆம் வசனம்வரை வாசியுங்கள்.

யாராவது ஒருவரிடம் பேசுங்கள். ஆயர் ஐயா, உபதேசியார், உங்கள் சபையில் சத்தம் போடாத ஒரு மூத்த அக்கா. மைக் பிடித்திருப்பவரைவிட, கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்குகிறவர் பெரும்பாலும் நன்றாகக் காது கொடுப்பார். காணிக்கை போட்டால் நிச்சயம் வரும் என்கிறவரிடமிருந்து மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், ஒரே பாவத்தை நாளுக்கு நாற்பது தரம் அறிக்கையிட்டும் மனம் அடங்காமல், சாப்பாடு இறங்காமல் இருந்தால், அது விசுவாசக் குறை அல்ல, மனநோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர் சர்க்கரைக்கு என்ன செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கம்

கடைசி வேலை. அந்த நோட்டின் பின்பக்கத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு வாசிப்பதற்காக மூன்று வரி எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் புதிதாக எதையும் யோசிக்காதீர்கள். இரண்டு மணிக்கு எந்தக் கணக்கும் நேராகாது. என் நோட்டில் இருப்பது இவை:

என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை.

நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்.

மூன்றாவது வரி வசனம் அல்ல, அப்பாயி கப்பலைப் பற்றிச் சொன்னது.

வாய்விட்டு ஒருமுறை வாசித்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை. விடிந்ததும் முகம் கழுவி வேலைக்குப் போங்கள். எனக்கு ஏழரைக்கு இலை வண்டி வந்துவிடும்.